மலை எண்ணை விட்டுவிட்ட ஸ்கிரிப்ட்

ஏலக்காய்த் தோட்டத்துக்கு எச்சரிக்கை அனுப்பும் கணினி ஸ்கிரிப்ட் எழுதியவரே, தப்பு உங்களுடையதுதான். தோட்ட வேலைக்கு மலையேறும் பெண்கள் கம்பம் ஊரிலுள்ள வீட்டு எண்ணையும், மலையில் சிக்னல் கிடைக்கும் எண்ணையும் ஒரே செய்தியில் அனுப்பியிருந்தார்கள். அதிலிருந்து எண்களைப் பிரித்தெடுக்க நீங்கள் எழுதிய ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற தேடல் வரி, முதல் பத்து இலக்கத்தோடு நின்றுவிட்டது.

அதனால், “பாதையில் மண் சரிகிறது, மலையிலிருந்து கீழே வராதீர்கள்” என்ற எச்சரிக்கை வீட்டிலிருந்த எனக்கு வந்தது. மனைவியின் மலை எண்ணுக்கு அடித்தேன்.

“ஜீப்புல ஏறிட்டோம், கத்தாதீக” என்றாள்.

“ஜீப்ப விட்டு எறங்குடி, பாதையில மண்ணு சரியுது!”

“எல்லாரும் எறங்குங்கடி, எங்க வீட்டுக்காரரு அழுகுறாக” என்று அவள் சிரித்தது கேட்டது.

உண்மைதான், அழுதேன். கணினி எடுத்துத் தருவது முழுசாக இருக்கும் என்று அதுவரை நம்பியிருந்தேன். வீட்டில் போனை எடுக்க ஆளில்லாதவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில், எல்லாரும் படிக்கும்படி பதில் எழுதுங்கள்.