எதிர்ப்பேச்சு ராக்கம்மாள்

பெஞ்சில் யாருடையதென்று தெரியாத மஞ்சள் பை கிடந்தால், ராக்கம்மாள் முதலில் அதைக் கால் விரலால் தட்டிப் பார்ப்பாள். காய்கறி என்றால் அமுங்கும். துணி என்றாலும் அமுங்கும். கட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் அது தன் பேச்சைத் திருட வைத்த டேப்ரெக்கார்டர்தான் என்று முடிவு கட்டி, அன்றைக்கு வாயைத் திறக்க மாட்டாள். ஒரு தடவை உள்ளே இருந்தது செங்கல். எடுத்துக் காட்டிய பிறகும் அவள் நம்பவில்லை. "செங்கல்ல எவன்யா பையில போட்டுத் தூக்கிட்டு அலைவான்?" என்றாள்.

மதுரையில் நாடக நடிகர் சங்கத்துக்கு எதிரே இருக்கிற டீக்கடை அது. திருவிழா நாடகத்துக்கு நடிகர்களைப் பேசி முடிக்க வருகிற ஊர்க்காரர்கள் பகலில் அங்கேதான் ஆள் தேடுவார்கள். எழுமலைக்காரி ராக்கம்மாள், மேடையில் ஆடிக்கொண்டே சிரிக்க வைக்கிறவள். பபூன் வேஷம் கட்டும் அவனியாபுரம் விருமாண்டியும் அவளும் பதினோரு வருட ஜோடி. மேடையில் அவன் பெருமையடிக்கிற புருஷன், அவள் அதை உடைக்கிற பெண்டாட்டி.

"வாடிவாசல்ல நான் நின்னா மாடே வெளிய வராதுடி" என்பான் விருமாண்டி.

ராக்கம்மாள் உடனே பதில் சொல்ல மாட்டாள். முந்தானையைச் சரி செய்வாள். கூட்டத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு பார்வை பார்ப்பாள். "குடிச்சுப்புட்டு வாசலை மறிச்சுப் படுத்துக்கிட்டா, அது எப்பிடிய்யா வரும்?"

அந்த வரி அவள் யோசித்தது. எதிர்ப்பேச்சு அத்தனையும் அவளுடையதுதான்.

போன வருடம் நம்மவர்கள் உலகக் கோப்பையை ஜெயித்ததிலிருந்து டீக்கடையில் ஓயாமல் கிரிக்கெட் பேச்சு. "நடுவுல சோறு திங்கப் போய்ட்டு வர்றதெல்லாம் ஒரு வெளையாட்டாத்தா?" என்று விருமாண்டி அலுத்துக்கொள்வான். ராக்கம்மாளுக்குச் சடுகுடுதான். "நம்ம தொழிலும் அதுதாண்ணே. உள்ள போகணும், தொடணும், மூச்சு முட்டுறதுக்குள்ள கோட்டுக்கு வந்துரணும். நின்னு வேடிக்கை பாத்தா அமுக்கிருவான்." எந்த ஊர் எப்படிச் சிரிக்கும் என்பதும் அவளுக்கு மனப்பாடம். விளாங்குடியில் வாயைப் பொத்திக்கொள்வார்கள், எழுமலையில் தொடையைத் தட்டுவார்கள். எங்கேயும் சிரிக்காமல் உட்கார்ந்திருக்கிறவன்மீதுதான் அவள் கண் இருக்கும். அவன் மனதுக்குள் எழுதிக்கொண்டிருக்கிறான் என்பது அவள் கட்சி.

தை பிறந்ததிலிருந்து அந்தக் கண் விருமாண்டிமேல் விழுந்தது. புது வரி தோன்றினால் அவளிடம் முதலில் சொல்லிப் பார்க்கிறவன், "ஒண்ணும் தோணலத்தா" என்றான். அதற்குப் பதிலாகப் பழைய வரிகளைத் துருவிக் கேட்டான். "அந்த வாடிவாசலுக்கு நீ என்னத்தா சொல்லுவ, சரியாச் சொல்லு." பதினோரு வருடம் பக்கத்தில் நின்று கேட்டவனுக்கு மறந்துபோகுமா? ராக்கம்மாள் ஒரு வார்த்தையை மாற்றி, 'வாசப்படிய மறிச்சு' என்று சொல்லி வைத்தாள். விருமாண்டி தலையை ஆட்டிக்கொண்டான்.

பங்குனியில் அவனியாபுரத்துக்கு ஒரு சாவு வீட்டில் துஷ்டி கேட்கப் போய்விட்டு நடந்து வந்தபோது, லேத் பட்டறை ஒன்றில் கேசட் ஓடிக்கொண்டிருந்தது. விருமாண்டியின் குரல். பதில் சொன்னது ஏதோ சின்னப் பெண்ணின் குரல். "வாசப்படிய மறிச்சுப் படுத்துக்கிட்டா" என்று அது மூச்சு விடாமல் ஒப்பித்தது. இடைவெளியும் இல்லை, பார்வையும் இல்லை. ஆனாலும் பட்டறைக்காரர்கள் சிரித்தார்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கேசட்டின் அந்தப் பக்கம் முடியும்வரை வெயிலிலேயே நின்றாள்.

"நல்லா இருக்காண்ணே?" என்று கேட்டாள்.

"ரெண்டாவது பக்கம் இன்னும் நல்லாருக்கும்த்தா" என்றார் பட்டறைக்காரர். கேசட் அட்டையைப் படித்துக் காட்டச் சொன்னாள். விருமாண்டி பேரும் அந்தப் பெண்ணின் பேரும் மட்டும் இருந்தன.

மறுநாள் டீக்கடையில் விருமாண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வாடிவாசலுக்கு ஏதுண்ணே வாசப்படி?"

விருமாண்டி கிளாஸைக் கீழே வைத்தான். "கேசட்டுக் கம்பெனிக்காரன் சின்னப் புள்ளை கொரலுதான் வேணும்ட்டான் ராக்கு. நான் என்ன செய்ய?"

"வரி என்னோடதுன்னு சொன்னீங்களா?"

விருமாண்டி இரண்டு டீக்கும் காசை வைத்துவிட்டு எழுந்துபோனான்.

ஜோடியை அவள் முறித்துக்கொள்ளவில்லை. சித்திரை நாடகங்களுக்கு இரண்டு பேர் பெயரையும் போட்டு நோட்டீஸ் அடித்தாயிற்று. மேடையில் பழைய வரிகளையே சொன்னாள், அதே நிதானத்தோடு. ஜனம் அதே மாதிரி சிரித்தது. ஆனால் புதிதாக ஒரு வரிகூட அவளிடமிருந்து வரவில்லை.

பத்து நாள் பொறுத்த விருமாண்டி, ஒரு மத்தியானம் டீக்கடைக்கே கேட்கும்படி குரலை உயர்த்தினான். "சடுகுடுல நான் ஏறிப் போனா எதிராளி ஏழு பேரும் கோட்டைத் தாண்டி ஓடிருவாய்ங்கடி."

பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு ராக்கம்மாளைப் பார்த்தார்கள். விருமாண்டி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பதில் அவள் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது, நல்ல பதில். ராக்கம்மாள் இரண்டு உதட்டையும் உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு, டீ மாஸ்டரிடம் காலி கிளாஸை நீட்டினாள்.