கும்மிக்குள் ஓர் ஆல்ட்டோ

நாகஜோதி தன் ஊரான சிக்கலை விட்டு மதுரைக்குக் கிளம்பியது ஒரு ஜூன் மாதச் செவ்வாய்க்கிழமை. ஊருக்குக் குடிதண்ணீர் லாரி வரும் நாள். லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாததால் தெருவே குடங்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தது. அவளை வழியனுப்ப வந்தவர்கள் ஒரு கண்ணை அவள் மேலும் இன்னொரு கண்ணைத் தங்கள் குடத்தின் மேலும் வைத்திருந்தார்கள். அவளைப் பெற்ற அய்யா கூத்தையா பையைத் தூக்கிக்கொண்டு நிறுத்தம் வரை வந்தார். பேருந்தும் லாரியும் ஒரே நேரத்தில் வந்தன.

"ஏறு, ஏறு. போயிட்டுப் போன் பண்ணு" என்று பையை உள்ளே தள்ளிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குடத்தைப் பார்த்து ஓடினார். நாகஜோதி சன்னல் வழியே திரும்பிப் பார்த்தபோது ஊர் மொத்தமும் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு லாரியைச் சுற்றி நின்றது. அழுவதற்கென்று தயாராக வந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று சாயங்காலமே விடுதி அறையில் இதை எனக்குச் சொல்லி இன்னொரு முறை சிரித்தாள். நான் கீழக்கரைக்காரி. இரண்டு பேரும் ராமநாதபுரம் மாவட்டம் என்பதால் எங்களை ஒரே அறையில் போட்டிருந்தார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே கீபோர்டு பழக்கம், அதனால் மேற்கத்திய இசைப் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். அவள் வந்த கதை வேறு. சிக்கலில் முளைப்பாரிக் கும்மி நடந்தால் கூட்டத்துக்கு மேலே கேட்பது அவள் குரல்தான். மாவட்டப் போட்டியில் பரிசு வாங்கியதும் பள்ளி டீச்சர் இசையே படி என்று சொல்லிவிட்டார். கல்லூரிக்கு வந்து பார்த்தால் கர்நாடக சங்கீதப் பிரிவில் இடமில்லை, எங்கள் பிரிவில் இருந்தது.

"எல்லாம் மியூசிக்தான" என்று சேர்ந்துவிட்டாள்.

முதல் வருடத்தில் ஹார்மனி என்று ஒரு தாள். அந்த வகுப்பில் பாட்டைப் பாடுவதைவிட எழுதுவதுதான் அதிகம். ஒரே நேரத்தில் ஒலிக்கிற நான்கு குரல்களை எழுத வேண்டும். மேலே சோப்ரானோ, அதற்குக் கீழே ஆல்ட்டோ, பிறகு ஆண்களின் டெனர், அடியில் பேஸ். பெரும்பாலும் மெட்டு சோப்ரானோவிடம் இருக்கும். மற்ற மூன்றும் அதற்குத் துணை நிற்க வேண்டும், ஆனால் அதன் பின்னாலேயே ஓடக்கூடாது. முக்கியமாக, ஐந்து சுர இடைவெளியிலோ எட்டு சுர இடைவெளியிலோ இருக்கும் இரண்டு குரல்கள் அந்த இடைவெளி மாறாமல் ஒட்டிக்கொண்டு ஒரே பக்கம் நகர்ந்தால் தப்பு. பேஸ் மத்தியமத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஏறினால் மற்ற மூன்று குரல்களும் இறங்கி வர வேண்டும். வகுப்பில் முதலில் சொல்லித் தருவதே இதைத்தான்.

நாகஜோதி எழுதினால் நான்கு குரல்களும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். எங்கள் விரிவுரையாளர் அகமது கபீர் மண்டபத்துக்காரர். முப்பது வயதுகூட ஆகவில்லை. கல்யாண மேடைகளில் கீபோர்டு வாசித்துக்கொண்டே படித்து வந்தவர். அவள் தாளைத் திருப்பித் தரும்போது அதில் அவளுடைய சுரங்களைவிட அவருடைய சிவப்பு வட்டங்கள்தான் அதிகம் இருக்கும்.

"நாலு பேரும் ஒத்துமையாத்தான சார் போறாங்க. இதுல என்ன தப்பு?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள்.

வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார். "ஒத்துமையாப் போகலம்மா, ஒட்டிக்கிட்டுப் போறாங்க. நாலு பேரு இருக்குற எடத்துல ஒரு ஆளு சத்தம்தான் கேக்குது. மத்த மூணு பேரை எங்க தொலைச்ச?"

அவளுக்கு இது புத்திக்கு எட்டாமல் இல்லை. உடம்பு கேட்கவில்லை. லீவு நாட்களில் அம்மாவோடு மிளகாய்க் காட்டில் களை எடுத்தவள் அவள். அங்கே பெண்கள் வரிசை பிடித்து நகர்வார்கள். ஒருத்தி முந்தினாலும் பிந்தினாலும் பேச்சு விழும். பாட்டும் அப்படித்தான், வரிசையை விட்டு விலகினால் பாடத் தெரியாதவள் என்று பெயர். பிறந்ததிலிருந்து அந்தப் பெயர் வாங்காமல் இருந்தவளை இங்கே தினமும் விலகு, விலகு என்றார்கள்.

ஏப்ரல் தேர்வில் ஹார்மனியில் தோற்றாள். ஜூனில் துறைத் தலைவர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். நவம்பரில் மறுதேர்வு, அதிலும் போனால் இசைத் துறையில் தொடர முடியாது, வேறு துறைக்கு மாறிக்கொள்ளலாம். தமிழ், வரலாறு, எது வேண்டுமானாலும்.

"ஊர்ல என்னன்னு சொல்லுவேன்? பாட்டுப் படிக்கப் போனவ பாட்டுல ஃபெயிலுன்னா நம்புவாங்களா?" என்றாள் அறைக்கு வந்து.

அடுத்த வாரம் ஒரு யோசனை செய்தோம். எழுதிப் பழகுவதற்கு முன்னால் பாடிப் பழகுவது. நான் மெட்டைப் பாடுவேன், அவள் ஆல்ட்டோவைப் பிடித்து நிற்க வேண்டும். ஆரம்பம் சரியாக இருக்கும். இரண்டாவது அடிக்குள் அவள் குரல் மெல்ல ஏறி என் குரலோடு வந்து ஒட்டிக்கொள்ளும். அவளுக்கே தெரியாது.

"போயிட்டேனா?"

"போயிட்டே."

காதைப் பொத்திக்கொண்டு பாடிப் பார்த்தாள். சுவரைப் பார்த்துப் பாடினாள். கொஞ்சம் தேறியது. ஆனால் என் குரல் சன்னமானது. "நீ பாடுறது கொசு மாதிரி இருக்கு. இதுல நின்னு என்ன பிரயோசனம்? பெருங்கூட்டத்துல நிக்கணும்டி" என்றாள்.

பெருங்கூட்டம் ஆடியில் கிடைத்தது. சிக்கலில் முளைப்பாரி போட்டிருந்தார்கள். எனக்கு எப்போதும் ஓர் இடத்தில் கால் தரிக்காது, வாரேன் என்று நானும் அவளோடு போய்விட்டேன். காப்புக் கட்டிய நாளிலிருந்து சாயங்காலந்தோறும் பெண்கள் வட்டமாக நின்று கும்மி கொட்டிப் பாடுவார்கள். கும்மியை எடுத்துக் கொடுப்பவர் அவளுடைய அத்தை கருத்தம்மாள். காட்டின் இந்தக் கோடியில் கூப்பிட்டால் அந்தக் கோடியில் இருக்கிற ஆள் திரும்பிப் பார்க்கும், அப்படியொரு குரல். என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது, "கீழக்கரைப் பிள்ளையா? தொதல் கொண்டாந்தியா?" நல்லவேளை, எங்கள் ஊரின் அந்தத் தேங்காய்ப்பால் இனிப்பை உம்மா கொடுத்துவிட்டிருந்தது.

முதல் நாள் வட்டத்தில் இறங்கிய நாகஜோதி, எல்லோரும் மெட்டைப் பாட, தான் கீழே ஒரு சுரத்தைப் பிடித்தாள். அவர்கள் ஏறும்போது நின்றாள். அவர்கள் இறங்கும்போது மெதுவாக ஏறப் பார்த்தாள். நான் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சுற்று முடிவதற்குள் கூட்டம் அவளை வாரிக்கொண்டு போய்விட்டது. இரண்டாம் நாள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். அதற்குள் பக்கத்தில் இருந்தவர்கள் கவனித்துவிட்டார்கள்.

"என்னத்தா, தொண்ட கட்டிருச்சா?"

"மதுரத் தண்ணி சேரல போல."

"பாட்டுப் படிக்க அனுப்பினா, இருந்த பாட்டையும் பிடுங்கிட்டு விட்டுட்டாங்களே!"

வட்டம் முழுக்கச் சிரிப்பு. அவள் அம்மாவுக்கு மட்டும் முகம் செத்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கருப்பட்டிக் காப்பி கொதிக்கவைத்து, குடித்து முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். எனக்கும் ஒரு தம்ளர். ஒன்றும் இல்லாத தொண்டைக்கு அது மகா காரம். கூத்தையா மட்டும் போகிற போக்கில், "வேணும்னுதான பண்ற?" என்று மகளிடம் மெதுவாகக் கேட்டார். அவள் தலையாட்டினாள்.

மூன்றாம் நாள் கருத்தம்மாள் வந்து அவள் பக்கத்தில் நின்றார். "இன்னைக்கு விலகு பாப்போம். காதைப் பிடிச்சு இழுத்துட்டு வாரேன்" என்று சேலையைச் செருகிக்கொண்டார். சொன்னபடியே கும்மி தொடங்கியதும் நாகஜோதியின் காதுக்குள் வாயை வைப்பதுபோல் சாய்ந்து, உள்ள தொண்டையையெல்லாம் திறந்து மெட்டைப் பாடினார். ஊரிலேயே பெரிய குரல். அதற்குப் பின்னால் அத்தனை பெண்களின் குரல். விரலால் காதைப் பொத்தலாம் என்றால் இரண்டு கையும் கும்மி கொட்டிக்கொண்டிருக்கிறது.

அவள் போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு தெரிய, தன் சுரத்தில் நின்றாள். மெட்டு மேலே ஏறிய இடத்தில் அவள் ஒரு படி கீழே இறங்கினாள். மெட்டு இறங்கி வந்தபோது ஏறிப்போய் அதை எதிர்கொண்டாள். அந்த இடத்தில் கும்மி அகலமானது போலிருந்தது எனக்கு. புத்தகத்தில் படித்தது உண்மைதான் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக நம்பினேன். மார்க்கெல்லாம் நான்தான் அதிகம் வாங்கியிருந்தேன், ஆனால் அதுவரை ஹார்மனி எனக்குத் தாளில் இருக்கிற ஒரு கணக்கு. அதைக் காதால் கேட்கவைத்ததற்கு நாகஜோதிக்கு இன்றுவரை நான் நன்றி சொல்லி முடிக்கவில்லை.

கும்மி நின்றதும் கருத்தம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏத்தா, நீ தெரியாமப் பாடல. தெரிஞ்சே பாடுற."

"ஆமா அத்தை."

"எதுக்கு?"

"பரிச்சைக்கு."

"இப்பிடியுமா ஒரு பரிச்ச வைப்பாங்க?"

"இதுல ஃபெயிலாயிட்டா பாட்டுப் படிப்பையே விடணும் அத்தை. மத்தவுக இழுத்தாலும் போகாம நிக்கப் பழகணும்."

கருத்தம்மாள் கொஞ்சம் யோசித்தார். சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தார். "அப்பச் சரி. நாளைக்கும் ஏம் பக்கத்துலயே நில்லு. நான் இழுக்குறேன், நீ வராத. ஏய், எல்லாரும் கேட்டுக்கங்க, பிள்ளைக்குப் பரிச்ச. நல்லாச் சத்தமா இழுங்க."

மீதி நாட்கள் கும்மி அப்படித்தான் நடந்தது. ஊரே கூடி அவளை இழுத்தது. அவள் நிற்கிற ஒவ்வொரு முறையும் யாராவது ஒருத்தி, "இன்னும் வரல பாரு, கல்லு மாதிரி நிக்கா" என்று சந்தோஷமாகக் கத்துவாள். முளைப்பாரியைத் தூக்கிப்போய்க் கரைத்த கடைசி நாளன்று அவள் குரல் உண்மையிலேயே கட்டிப்போயிருந்தது. அதற்கு முந்தின நாள் கும்மியை நான் போனில் பதிவுசெய்து வைத்திருந்தேன்.

நவம்பர் மறுதேர்வு நடக்கும்போது நான் அறைக்கு வெளியே மரத்தடியில் காத்திருந்தேன். கேள்வித்தாளில் பேஸ் வரியை மட்டும் கொடுத்து மற்ற மூன்று குரல்களையும் எழுதச் சொல்லியிருந்தார்களாம். மத்தியமத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஏறும் அதே இடம் அதிலும் வந்திருக்கிறது. அவள் ஒவ்வொரு குரலாக மூக்குக்குள் முனகிப் பார்த்திருக்கிறாள். கண்காணிக்க வந்த வேறு துறை ஆசிரியர், "வாயை மூடும்மா" என்றாராம். "மூடித்தான் சார் இருக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி முனகியிருக்கிறாள்.

"எப்பிடி எழுதுன?" என்று கேட்டேன்.

"ஆல்ட்டோ வரி எழுதறப்ப அத்தை காதுக்குள்ள கத்துனாங்க. நான் எறங்கிட்டேன்" என்றாள்.

தேறிவிட்டாள். கபீர் சார் தாளைக் காட்டி, "இன்னும் ஒரு எடத்துல ரெண்டு பேரு ஒட்டிக்கிட்டுத்தான் போறாங்க. சொந்தக்காரங்க போல, இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அதற்கு மார்க் குறைத்திருந்தார், அது வேறு விஷயம்.

படிப்பு முடிந்ததும் நான் கிளம்பிவிட்டேன். மஸ்கட்டில் ஓட்டலில் கீபோர்டு வாசித்தேன், பிறகு பினாங்கு, பிறகு திபிலிசி என்று எங்கெங்கோ இருந்தேன். திபிலிசியில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆண்கள் மூன்று குரலில் பாடுவதைக் கேட்டேன். பக்கத்தில் இருந்தவரிடம் சிக்கல் கும்மிப் பதிவைப் போட்டுக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, அடியில் கேட்கும் அந்த ஒரு குரலைத் தானும் சேர்ந்து முனகினார். இருக்கிற குரல்களில் அதைத்தான் தேடிப் பிடித்தார். அன்றைக்கே நாகஜோதிக்குச் சொன்னேன். "அவருக்குத் தொண்டை எப்பிடி இருக்காம்?" என்று பதில் போட்டாள்.

அவள் எங்கும் போகவில்லை. முதுகுளத்தூர்ப் பக்கம் கல்யாணமாகி, அங்கேயே ஒரு பள்ளியில் பாட்டு டீச்சர். இரண்டு குரலில், மூன்று குரலில் பிள்ளைகளைப் பாடவைக்கிறாள். ஆடியில் மட்டும் சிக்கலுக்கு வந்து அத்தை பக்கத்தில் நின்று ஆல்ட்டோ பாடிவிட்டுப் போவாள். தேர்வு முடிந்து எத்தனையோ வருடமாகிவிட்டது, ஆனாலும் கருத்தம்மாள் அவளை இழுப்பதை நிறுத்தவில்லை.

நான் ஊர் திரும்பி இது முதல் ஆடி. போன வாரம், கீழக்கரையில் உம்மாவோடு மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது, நாகஜோதி எண்ணிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பேசியது கருத்தம்மாள். போனுக்கு அவ்வளவு சத்தம் தேவையில்லை என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மீன்காரரும் சேர்ந்துதான் கேட்டார்.

"ஏத்தா அம்ரீனு, நான் சிக்கல் கருத்தம்மா பேசுறேன். இவளுக்கு நேத்துப் பொட்டப் பிள்ள பெறந்துருக்கு. ரெண்டு பேரும் நல்லாருக்காக. தீட்டு, அதனால இந்த வருசம் இவ முளக்கொட்டுக் கும்மிக்கு வர முடியாது. நேத்துக் கும்மி கொட்டிப் பாத்தோம். எல்லாருந்தான் பாடுறோம், ஆனா மொட்டையாக் கெடக்குத்தா. அடியில ஆளு இல்ல. இவ பள்ளிக்கூடத்துப் பிள்ளைக ரெண்டு வந்து நின்னுச்சுக, நான் ஒரு இழு இழுத்தேன், எங்கூடவே ஏறி வந்துருச்சுக. நீ ஊருக்கு வந்துட்டேன்னு இவ சொன்னா. அன்னைக்கு வேடிக்க பாத்துக்கிட்டுத்தான நின்ன, ஒனக்குத் தெரியும்ல? வெள்ளிக்கெழம சாயங்காலம் வந்துரு. வந்து அந்தக் கீழ்ப்பாட்டப் பிடி. தொண்ட கட்டிருச்சான்னு இங்கன ஒருத்தியும் கேக்க மாட்டா."