பிள்ளைக்காகக் கிடந்த பட்டினி

செங்கோட்டைக்கு ரயில் ஓடத் தொடங்கி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. அந்த ரயிலில்தான் என்னைக் கல்லிடைக்குறிச்சியில், புருஷன் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். எனக்குப் பதினாறு வயது. உளுந்தங்களியும் நல்லெண்ணெயுமாகத் தின்று வளர்ந்த உடம்பு. கல்யாண ரவிக்கை கையை இறுக்கிப் பிடித்தது.

ஒரு வருஷம் பொறுத்தார்கள். பிறகு மாமியார் விரதங்களைச் சொல்ல ஆரம்பித்தாள். அத்தை கெட்டவள் இல்லை, பேரப்பிள்ளைக்கு ஏங்கியவள், அவ்வளவுதான். திங்களும் வெள்ளியும் ஒரு பொழுது. சஷ்டி, கார்த்திகை, பிரதோஷம் வந்தால் அரைத் தம்ளர் பால். மற்ற நாட்களில் ஆண்கள் சாப்பிட்டு, அத்தையும் சாப்பிட்டு மிஞ்சியது எனக்கு. பெரும்பாலும் ரசம்தான் மிஞ்சும். ஆற்றில் முழுகி ஈரச்சேலையோடு அரசமரத்தை நூற்றெட்டுச் சுற்று சுற்றுவேன். எண்ணிக்கை தவறினால் மறுபடி முதலிலிருந்து.

கிறுக்குத்தனம்தான். ஆனால் யாரும் என் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. அத்தை ஒரு விரதம் சொன்னால் நான் இரண்டாகப் பிடித்தேன். எனக்குப் பிள்ளை உண்டாகாவிட்டால் அவருக்கு வேறு பெண் பார்ப்பது என்று வீட்டில் பேசியது என் காதில் விழுந்திருந்தது. அவரை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்ற வெறி எனக்கு.

அடுத்த வருஷம் என் வளையல்கள் முழங்கைவரை ஏறின. தை மாதம் நான் வீட்டுக்கு விலக்காகவில்லை. மாசியிலும் இல்லை.

வீடே மாறிப்போயிற்று. "ஏட்டி, பைய நட. குடத்தைத் தொடாத, நான் எடுத்துக்கிடுதேன்" என்றாள் அத்தை. விரதங்களை நிறுத்தினாள். தன் கையாலேயே களி கிண்டி, நடுவில் குழித்து எண்ணெய் ஊற்றித் தந்தாள். அவர் திருநெல்வேலிக்குப் போய்வந்தபோது இரண்டு மாதுளம்பழங்களை என் கையில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமலே போனார். அன்று நான் அடைந்த சந்தோஷத்தை இன்றுவரை மறுபடி அடைந்ததில்லை.

எங்கள் தெருவுக்கு ஒரு வண்ணாத்தி உண்டு. விலக்கான பெண்களுக்கு மாற்றுச்சேலை கொண்டுவருவது அவள்தான். எந்த வீட்டில் யாருக்கு எப்போது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒருநாள் கொல்லையில் என்னைத் தனியாகப் பார்த்து மெல்லச் சொன்னாள்.

"அம்மா, கோவிச்சுக்கிடாதீய. இது பிள்ளை மாதிரித் தெரியலை. தாது வருசப் பஞ்சத்துல எங்க தெருப் பொம்பளையளுக்கு இப்படித்தான் நின்னு போச்சுன்னு எங்க அம்ம சொல்லுவா. கஞ்சியைக் கண்ட பொறவுதான் திரும்பி வந்துச்சாம்."

"வயித்தெரிச்சல் பிடிச்சவளே, வெளியே போ!" என்று கத்தினேன். அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சித்திரையில் உதிரம் கண்டது.

"கரைஞ்சு போச்சே! எங்கொலம் கரைஞ்சு போச்சே!" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். வண்ணாத்தி மாற்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போது எல்லாம் விளங்கிவிட்டது. என் வயிற்றில் பிள்ளை இருந்ததே இல்லை. பசி இருந்தது.

ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. கலைந்துபோனவள் என்றால் இன்னொரு தடவை உண்டாகக் கூடியவள் என்று பேர். சோறில்லாமல் நின்றுபோனது என்று சொன்னால், ஒரு தடவைகூட உண்டாகாதவள், மலடி. அந்தப் பேருக்குப் பயந்து, இல்லாத பிள்ளைக்காக நானும் அத்தையோடு சேர்ந்து அழுதேன்.

அதற்கு விலை கொடுத்தேன். விரதத்தைப் பாதியில் விட்டதால் வந்த தோஷம் என்று அத்தை முடிவு கட்டினாள். முன்பைவிடக் கடுமையாக விரதங்கள் தொடங்கின. கோவில் தரையில் சோற்றைக் கொட்டி மண்சோறும் சாப்பிட்டேன். ஐப்பசியில் மறுபடி நின்றது. இந்தத் தடவை யாரும் களி கிண்டவில்லை. ஐந்து மாதம் காத்திருந்து பார்த்தார்கள். வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

வைகாசியில் அவருக்கு இரண்டாம் கல்யாணம். பந்தலில் பெண்ணின் தாய் அத்தையிடம் கண்டிப்பாகச் சொன்னாள்: "எம்மவ பசி தாங்க மாட்டா. மயங்கி விழுந்துருவா. விரதம் கிரதம்னு ஒண்ணும் சொல்லக் கூடாது, ஆமா." அத்தை சரி சரி என்று தலையாட்டினாள். என் தாய் ஏன் அப்படிச் சொல்லவில்லை என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வந்தவள் மூன்று வேளையும் சாப்பிட்டாள். மறு வருஷமே ஆண்பிள்ளை.

என்னை அதற்குப்பிறகு யாரும் விரதம் இருக்கச் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? அவர் என் அறைப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். பிள்ளை பெற்றவளுக்கு வடித்ததையும் கிண்டியதையும் நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன். வளையல்கள் மணிக்கட்டுக்கு இறங்கின. நாலாம் மாதம் விலக்கானேன். அதன்பிறகு ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

அப்படி ஒரு விலக்கு நாளில் கொல்லைக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். வண்ணாத்தி மாற்றைக் கீழே வைத்தாள்.

"ஒடம்பு நல்லாத் தேறிட்டு அம்மா. இப்பம் பிள்ளை நிக்கும்" என்றாள். சொன்ன பிறகுதான் யோசித்தாள் போலும், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளே தொட்டிலில் பையன் வீரிட்டு அழுதுகொண்டிருந்தான். நான் எழுந்து வாசல்படிவரை போனேன். விலக்கானவள் உள்ளே போகக் கூடாது. யாராவது வந்து அவனை எடுக்கும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.