பக்கத்து மாவட்டத்து லீவு

காலை 8.05. திருமுடிவாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து கிளம்பினோம். வண்டியை நான் ஓட்டினேன். பின்னால் என் மகள் நிவேதா. அவள் மடியில் ரெக்கார்டு நோட்டு, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டது. இரவு பூராவும் பெய்த மழை இன்னும் விடவில்லை. தாம்பரம் கிழக்கில் இருக்கிற அவள் கல்லூரி கேட் வரைக்கும் வண்டி மீட்டரில் பதினொன்றரை கிலோமீட்டர். வெயில் நாளில் முப்பத்தைந்து நிமிடம் ஆகும். அன்றைக்கு 9.30 மணிக்கு அவளுக்கு வேதியியல் செய்முறைத் தேர்வு. பத்து மணிக்கு மேல் போனால் உள்ளே விடமாட்டார்கள்.

பிள்ளைகளே, நம் தெருவில் நீங்கள் நடத்துகிற கையெழுத்துப் பத்திரிகைக்கு என்னையும் ஒரு பயணக் கட்டுரை எழுதச் சொன்னீர்கள். நான் ஊட்டிக்கும் போனதில்லை, கன்னியாகுமரிக்கும் போனதில்லை. பத்தாவது முடித்ததும் லேத் பட்டறைக்கு வந்தவன். எழுதும்படியாக நான் போன பயணம் இது ஒன்றுதான். சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் தப்பு என்னுடையது.

தப்பு நடந்தது காலை 5.40 மணிக்கு. டிவியைப் போட்டேன். கீழே ஓடுகிற எழுத்தில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை என்று வந்தது. நம் திருமுடிவாக்கம் காஞ்சிபுரம் மாவட்டம்தானே! பாவம், நேற்று வெகுநேரம் படித்தாளே என்று நினைத்தேன். டிவியை அணைத்துவிட்டு, அவள் போனில் வைத்திருந்த ஆறு மணி அலாரத்தையும் அணைத்தேன். "லீவு விட்டுட்டாங்கம்மா, தூங்கு" என்றேன். "ம்" என்று போர்வையை இழுத்துக்கொண்டாள்.

தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. மூன்று வருஷமாக அவள் தினமும் ஒரு மாவட்டம் விட்டு இன்னொரு மாவட்டம் போய்த்தான் படிக்கிறாள். ஆனால் பெய்கிற மழை ஒன்றுதானே, லீவும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று புத்தி நினைத்துவிட்டது. இன்னும் அரை நிமிடம் பொறுத்திருந்தால் அடுத்த வரியும் ஓடியிருக்கும். செங்கல்பட்டு மாவட்டத்தில் பள்ளிகளுக்கு மட்டும் விடுமுறை.

7.50 மணிக்கு அவள் தோழி ஷெரின் போன் செய்தாள். சத்தம் எனக்கே கேட்டது. "ஏய், எங்கடி இருக்க? பள்ளிக்கரணையில எங்க தெருவே ஏரியாயிடுச்சு. நானே மேடவாக்கம் வரைக்கும் நடந்து வந்து பஸ் ஏறிட்டேன். இன்னிக்கு நம்ம பேட்ச்சுடி, பிராக்டிகல் இருக்கு!"

நிவேதா என்னைப் பார்த்தாள். என் மனைவிதான் சொன்னாள். "நியூஸ் முழுசா பாக்கத் தெரியலன்னா அந்த டிவிய யாருக்காவது குடுத்துடுங்க."

இந்தத் தேர்வுக்கு வரவில்லை என்று போட்டுவிட்டால் அடுத்த மாதம் எழுதிக்கொள்ளலாம் என்பதெல்லாம் கிடையாது. அடுத்த வருஷம் இதே மழைக்காலம் வரும்போதுதான் மறுபடி எழுத முடியும். அவள் கடைசி வருஷம். கூடப் படித்தவர்கள் எல்லாம் பட்டம் வாங்கிப் போன பிறகு, இவள் மட்டும் ஒரு பாடத்துக்காக உட்கார்ந்திருக்க வேண்டும்.

காலை 8.25. வெளிவட்டச் சாலையின் ஓரமாகவே முடிச்சூர் வரை வந்தோம். அங்கே தடுப்பு வைத்திருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் ரோடு இல்லை, பழுப்பாகத் தண்ணீர்தான் தெரிந்தது. ஓரமாக நின்ற ஆட்டோக்காரர் கையை ஆட்டினார்.

"அண்ணா, போவாத. உள்ள இடுப்பளவு கீது."

"தாம்பரம் போகணும்பா. பொண்ணுக்குப் பரீட்சை."

"வண்டி நின்னுச்சுன்னா அங்கயே நிக்க வேண்டியதுதான். திரும்பி திருநீர்மலை வழியா போ. குரோம்பேட்டைல ரயில புடி. ரயிலு ஓடுது, இப்பத்தான் பாத்தேன்."

திரும்பினேன். வந்த வழியே பாதி தூரம் போய், பழந்தண்டலம் வழியாகத் திருநீர்மலை. எத்தனை பள்ளம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தண்ணீரில் ஓட்டுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு லேத் ஓட்டுவது போலத்தான். நிவேதா என் தோளைப் பிடிக்கவில்லை, நோட்டைத்தான் பிடித்திருந்தாள். திட்டினால்கூட நன்றாக இருக்கும் என்று தோன்றியது. இரண்டு முறை மட்டும், "மணி என்னப்பா?" என்றாள்.

காலை 9.12. குரோம்பேட்டை ஸ்டேஷன். வண்டி நிறுத்த இருபது ரூபாய், தாம்பரத்துக்கு டிக்கெட் ஆளுக்கு ஐந்து ரூபாய். நடுவில் சானடோரியம் ஒரு ஸ்டேஷன்தான். மற்ற நாளில் ஏறி உட்காருவதற்குள் தாம்பரம் வந்துவிடும். 9.21-க்கு ரயில் வந்தது. சானடோரியம் தாண்டியது. தாம்பரத்துக்குக் கொஞ்சம் முன்னால், இரண்டு பக்கமும் தண்டவாளம் மட்டும் இருக்கிற இடத்தில், நின்றுவிட்டது.

மணி 9.27. மழை ஜன்னல் ஷட்டரில் அடித்தது. நிவேதாவின் கன்னத்தில் தண்ணீர் ஓடியது. அது மழைத் தண்ணீர் இல்லை.

வாசல் பக்கம் தரையில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மூடிய அலுமினிய அன்னக்கூடை. காசிமேட்டில் மீன் எடுத்து வந்து தாம்பரத்தில் விற்கிறவர் என்று பிறகு தெரிந்தது. என்னைத்தான் முதலில் பிடித்தார்.

"இன்னா சார், காலங்காத்தால பொண்ண அழ வெச்சுகினு வர?"

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அடப்பாவி மனுசா! புள்ள பரீச்சைன்னா நாங்க தூங்கவே மாட்டோம், நீ எழுந்து வந்து தூங்கச் சொல்லிட்டியா? சரி வுடு. கண்ணு, இங்க வா. இப்பவே அழுது தீத்துட்டின்னா அங்க போயி கை நடுங்கும். கண்ணாடி சாமான்லாம் வெச்சுதான செய்வீங்க? உன் காலேஜு எப்டி கீது, சொல்லு."

"எனக்கு டைம் ஆகுதுக்கா."

"நீ அழுதா ரயிலு போயிடுமா? சொல்லு."

நிவேதா மூக்கைத் துடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். என்னிடம் ஒரு நாளும் இப்படிப் பேசியதில்லை. நான் ஜன்னல் பக்கம் பார்ப்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எங்க காலேஜ்ல சீசன் எல்லாம் வேற மாதிரிக்கா. ஜூன் மாசம்னா ஃபர்ஸ்ட் இயர் வர்ற சீசன். லைப்ரரி எங்கன்னு கேப்பாங்க, வேணும்னே கேன்டீனுக்கு அனுப்பி விடுவோம். ஆகஸ்ட்ல லீவ எண்ணுற சீசன். சுதந்திர தினம் ஞாயித்துக்கிழமைல விழுந்துச்சுன்னா கிளாஸே துக்கம் காக்கும். அப்புறம் இந்த மழை. லேப் மேல தகரம், மழை பேஞ்சா மேடம் பேசறது ஒன்னுமே கேக்காது. வாய் அசையறத பாத்துத்தான் நோட்ஸ் எடுப்போம்."

"ஹாஸ்டல்ல கீற புள்ளைங்க?"

"அவங்களுக்கு மழை லீவே பிடிக்காதுக்கா. ஒரு நாள் லீவுல தூத்துக்குடிக்குப் போயிட்டு வர முடியுமா? ஈரத்துணிய ஃபேன்ல கட்டி வெச்சுட்டு வீட்ட நெனச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. எனக்கும்தான் லீவு பெருசா பிடிக்காது. வீட்ல ஒரே ரூம், எல்லாரும் இருப்பாங்க. அப்பா டிவி வைப்பாரு. கிளாஸ் இருக்கற நாள்ல கட் அடிச்சுட்டு மரத்தடில உக்காந்தா, அதுதான்க்கா லீவு."

கட் அடித்தாளா! நான் திரும்பவில்லை.

"மார்ச்ல சைக்கிள் ஸ்டாண்ட் பூரா மஞ்சப் பூ கொட்டும். அத பாத்தாலே பரீட்சை வந்துடுச்சுன்னு அர்த்தம். இது எனக்கு அங்க கடைசி மழைக்கா. இத நல்லா பாக்கணும்னு நெனச்சேன்..."

அந்த அம்மா அன்னக்கூடையைத் தட்டினார். "எங்களுக்கு ரெண்டே சீசன்தான் கண்ணு. மீனு கீற சீசன், மீனு இல்லாத சீசன். இன்னிக்கு ரெண்டாவது. இந்த மழையில கடலுக்குப் போட்டு போவல, நேத்து வந்த சங்கரா மீனுதான் கொஞ்சம் கீது. இத வித்துட்டா எனக்குப் பாஸு."

நிவேதா சிரித்துவிட்டாள். 9.42-க்கு ரயில் ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது.

காலை 9.44. தாம்பரம். நடைமேம்பாலத்தில் இரண்டு பக்கக் கூட்டமும் முட்டிக்கொண்டு நின்றது. "பரீட்சைங்க, பரீட்சைங்க" என்று கத்திக்கொண்டே முன்னால் போனேன். பட்டறை உடுப்பில், தலையில் பிளாஸ்டிக் உறை மாட்டிய ஐம்பது வயது ஆளுக்கு என்ன பரீட்சை என்று எல்லாரும் திரும்பிப் பார்த்து வழி விட்டார்கள். கிழக்குப் பக்கம் ஆட்டோ. ஒன்றேகால் கிலோமீட்டருக்கு எண்பது ரூபாய் கேட்டார், ஏறிவிட்டோம்.

9.55. கேட். நிவேதா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் பின்னால் போகப் பார்த்தேன், காவலாளி கையை நீட்டினார். "பேரன்ட்ஸ் உள்ள அலோ இல்ல சார். எக்ஸாம் நடக்குது."

"லேப் இங்கிருந்து எவ்வளவு தூரம்?"

"நடந்தா ஏழு நிமிஷம். ஓடினா..." அவர் வாட்ச்சைப் பார்த்தார்.

பத்து மணி ஆனது. அவள் போன் அணைந்திருந்தது. உள்ளே விட்டிருந்தாலும் போன் அணைந்துதான் இருக்கும், விடாமல் எங்காவது மூலையில் அழுதுகொண்டிருந்தாலும் அணைந்துதான் இருக்கும். 10.12-க்கு மரங்களுக்கு நடுவே ஒரு பெண் அழுதுகொண்டே கேட்டை நோக்கி வந்தாள். நிவேதாதான் என்று நினைத்தேன். கிட்டே வந்ததும் பார்த்தேன், வேறு யாரோ. அப்பாடா என்று மூச்சு வந்தது. பிள்ளைகளே, அப்படி நான் நிம்மதிப்பட்டது சரியில்லை. அதுவும் யாரோ ஒருவர் வீட்டுப் பெண்தானே. ஓடிப் போய் என்னம்மா என்று கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.

எதிரே டீக்கடையில் மூன்று டீ குடித்தேன். நடுவில் என் மேஸ்திரி போன் செய்தார். "யோவ், உனக்கு எந்த ஊரு கலெக்டர்யா லீவு விட்டாரு?" என்றார். நியாயமான கேள்வி. எங்கள் தொழிற்பேட்டைக்கு எந்தக் கலெக்டரும் லீவு விடுவதில்லை. வெயிலானாலும் மழையானாலும் ஷட்டருக்கு உள்ளே ஒரே சீசன்தான். மூன்று வருஷம் அவளை அனுப்பிவிட்டு, அவள் எந்த மாதிரி இடத்துக்குப் போய் வருகிறாள் என்று நான் கேட்டதே இல்லை. இரும்பு கேட்டின் கம்பி வழியாகப் பார்த்தேன். ஈர மரங்கள், காலியான சைக்கிள் ஸ்டாண்ட், யாரும் இல்லாத சிமென்ட் பெஞ்சு. இதற்குள் அவள் உட்கார்ந்து எழுதுகிறாளா இல்லையா என்பது மட்டும் தெரியவில்லை.

பகல் 1.15. கூட்டமாக வெளியே வந்த பெண்களில் அவளும் இருந்தாள். வெறுங்காலோடு வந்தாள்.

"விட்டாங்களா?"

"ஒம்போது அம்பத்தொம்போதுக்கு உள்ள போனேன்ப்பா. ஒரு ரீடிங் மட்டும் எடுக்க முடியல. பாஸ் ஆயிடுவேன்னு நெனக்கறேன்."

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கத்தான் மூன்று மணி நேரமாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவள் பேசினாள்.

"அப்பா, நேத்து ராத்திரியே குரூப்ல மெசேஜ் வந்துச்சு. காலேஜ் நோட்டீஸ மட்டும்தான் நம்பணும், பிராக்டிகல் இருக்குன்னு. நான் படிச்சேன். காலைல நீங்க லீவுன்னு சொன்னப்ப அது ஞாபகமும் வந்துச்சு. போன எடுத்துப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். எடுக்கல. நீங்க சொன்னதயே நம்பிக்கலாம்னு ஆசையா இருந்துச்சு."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "செருப்பு எங்கம்மா?" என்றேன். ஓடும்போது எங்கேயோ விழுந்துவிட்டதாம். ஸ்டேஷன் வாசலில் நூற்றிருபது ரூபாய்க்கு ஒரு ஜோடி வாங்கிப் போட்டுக்கொண்டாள். வந்த வழியே தாம்பரம், குரோம்பேட்டை, திருநீர்மலை என்று மாலை நாலு மணிக்கு வீடு வந்து சேர்ந்தோம்.

அன்று மாலை மறுபடி செய்தி. இந்த முறை இரண்டு மாவட்டங்களுக்கும், பள்ளி கல்லூரி எல்லாவற்றுக்கும் மறுநாள் விடுமுறை. கல்லூரி நோட்டீஸும் வந்தது. நிவேதா அதை எனக்கு உரக்கப் படித்துக் காட்டினாள், நானும் ஒரு முறை வாங்கிப் படித்தேன்.

மறுநாள் காலை 5.30. எனக்குத் தூக்கம் வரவில்லை. மெதுவாக எழுந்து போய் அவள் தூங்குகிறாளா என்று பார்த்தேன். இருட்டில் போன் வெளிச்சம் அவள் முகத்தில் இருந்தது. அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"செங்கல்பட்டுக்கும் சேத்துதானேப்பா?"

"செங்கல்பட்டுக்கும் சேத்துதான்மா."

வெளியே மழை பெய்தது. லீவு நாள். இரண்டு பேரும் தூங்காமல் உட்கார்ந்திருந்தோம்.