இருக்கிறவங்க பேரு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். என் செல்போன் ஒரு குத்துப்பாட்டைப் பாடியது. ஞானமுத்து அண்ணனைச் சீண்டுவதற்கென்றே வைத்த பாட்டு அது. சர்ச் வாசலில் அது அடிக்கும்போதெல்லாம், "ஏண்டா தாசு, பல்லு போன வயசுல இது கேக்குதா உனக்கு?" என்று காதைப் பொத்திக்கொள்வார். அவர் போன சேதியையும் அந்தப் பாட்டுதான் கொண்டுவந்தது. எடுத்தால், அவரைப் பெரியப்பா என்று கூப்பிடுகிற எங்கள் சபைக் கலாவின் குரல். "மாமா, பெரியப்பா காலையில ஜெபம் பண்ணிட்டுச் சாஞ்சாரு. எழுந்திருக்கவே இல்ல மாமா." முதல் வேலையாக அந்தப் பாட்டை அழிக்கப் பார்த்தேன். எப்படி அழிப்பது என்று தெரியவில்லை. டீக்கடைக்காரர்தான் வாங்கி மாற்றிக் கொடுத்தார்.

அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய கண்டிப்பும் தெரியும். பீங்கான் கம்பெனியில் அவர் அச்சு வார்த்தார், நான் சூளைக்கு வண்டி தள்ளினேன். நான் எட்டாவதைத் தாண்டாதவன். அவர் பேப்பரை வரி விடாமல் படித்து, அதில் உள்ளதையெல்லாம் வேதத்தோடு வைத்துப் பார்ப்பார். காதலர் தின வாழ்த்து அட்டை கடைகளில் தொங்கிய வருஷம், "கல்யாணத்த வெளையாட்டாக்குனா, அப்பறம் பொறக்குற புள்ளையும் வெளையாட்டுப் பொருள்தான்டா" என்றார். அவர் வீட்டில் டிவி கிடையாது. செய்தி பார்க்க மட்டும் என் வீட்டு வாசலில் வந்து நிற்பார். உள்ளே வரமாட்டார். விளம்பரம் வந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். "அண்ணே, முடிஞ்சிடுச்சு" என்று பொய் சொல்வேன். நம்பித் திரும்புவார். திரையில் ஒரு பெண் சோப்புப் போட்டுக்கொண்டிருப்பாள்.

"நரகத்துல உனக்குத் தனி ரூமு இருக்குதுடா."

"இருக்கட்டும்ணே. அங்கயும் டிவி வெச்சா, வாசல்ல நிக்க நீங்க வந்துதான ஆவணும்?"

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பத்து நிமிஷம் அவருடையது. அந்த வாரத்துச் செய்தி ஒன்றை வாசிப்பார். கொலையோ, விபத்தோ, தேர்தல் சண்டையோ, அதைப் பற்றி யார் கருத்துச் சொல்ல வந்தாலும் ஒரு நிபந்தனை உண்டு. அந்தச் செய்தியில் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கிற ஒருவரின் பெயரைச் சொல்லி முதலில் ஜெபிக்க வேண்டும். பெயர் தெரியாவிட்டால் வாயைத் திறக்கக் கூடாது. இறந்தவர்களுக்காக ஜெபிப்பது எங்கள் வழக்கமில்லை. "செத்தவங்க கணக்கு கர்த்தர்கிட்ட. இருக்கிறவங்க பேரு நம்மகிட்ட" என்பார். பல ஞாயிறுகளில் எங்களுக்குப் பெயர் தெரியாமல், பேச்சில்லாமல் கலைந்து போயிருக்கிறோம்.

சுனாமி வந்த அடுத்த ஞாயிறு வெளியூர் தேவ ஊழியர் ஒருவர் பிரசங்கத்துக்கு வந்திருந்தார். அந்த வாரம் முழுக்க ஞானமுத்து அண்ணன் கடலூர்க் கரையில் உதவிக்கு நின்றுவிட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தார். கலாவுக்குப் பிறந்த ஊர் அந்தக் கரைதான். மூன்று மாதமாகத்தான் சபைக்கு வந்துகொண்டிருந்தாள். அவளுடைய கூடப்பிறந்த அண்ணனை அலை கொண்டுபோயிருந்தது. சபையில் பாதிப் பேருக்கு அது தெரியாது. வந்தவருக்கு எப்படித் தெரியும்?

"விக்கிரகத்தை விடாத கரையைக் கர்த்தர் அடித்தார்!" என்று அவர் மைக்கில் முழங்கினார். முன்வரிசையில் நாலைந்து பேர் "ஆமென்" என்றார்கள். பெண்கள் பக்கத்தில் கலா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்தாள். அவள் அந்த வாசலைத் தாண்டினால் திரும்பி வரமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

ஞானமுத்து அண்ணன் எழுந்து நின்றார்.

"ஐயா, ஒரு நிமிஷம். அந்தக் கரையில இருக்கிறவங்க பேரு ஒண்ணு சொல்லுங்க."

"உக்காருங்க பெரியவரே. பிரசங்கம் நடக்குது."

"ஒரே ஒரு பேரு போதும் ஐயா."

சபைச் செயலாளர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார். "அண்ணே, வந்தவரு முன்னால மானத்த வாங்காதீங்க."

ஊழியருக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப, பாவத்துக்குத் தண்டனையே இல்லைங்கிறீங்களா?"

எல்லாவற்றிலும் பாவத்தைக் கண்டுபிடிக்கிற மனிதரைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது.

"இருக்குதுங்க ஐயா. எனக்கும் இருக்குது, உங்களுக்கும் இருக்குது. வேதத்துல, கோபுரம் இடிஞ்சு வுழுந்து செத்தவங்களப் பத்தி ஆண்டவர் என்ன சொன்னாரு? அவங்க உங்களவிட பெரிய பாவியான்னுதான கேட்டாரு? மனந்திரும்பச் சொன்னது உசுரோட நின்னு கேட்டவங்கள. இப்ப உசுரோட நிக்கிறது நாமதான ஐயா?"

பிடித்த கையை மெல்ல விலக்கிவிட்டு வாசலுக்குப் போனார். கலாவை மறிக்கவில்லை. ஓரமாக நின்று கேட்டார். "உங்க அண்ணி பேரு என்னம்மா?"

முக்காட்டை விலக்கி அவரைப் பார்த்தாள். "வள்ளி."

"கர்த்தாவே, வள்ளி" என்று சொல்லி அந்த இடத்திலேயே மண்டியிட்டார். பாதிச் சபை மண்டியிட்டது. பாதி அப்படியே உட்கார்ந்திருந்தது. முழங்கால் வலிக்காரன் நானும் இறங்கினேன். கலா வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். தாண்டவில்லை.

கமிட்டி கூடி அவருடைய பத்து நிமிஷத்தை எடுத்துவிட்டது. அவர் சண்டைக்குப் போகவில்லை. சர்ச் கேட்டுக்கு வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்று வாசித்தார். முதல் வாரம் நானும் கலாவும் மட்டும் கேட்டோம். அவரைச் சிரிக்க வைக்கலாம் என்று அந்த ஊழியர் போலவே கையை ஆட்டி முழங்கிக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "அவரு பேரு என்னடா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. விசாரித்து வரச் சொல்லி, அடுத்த வாரம் அந்தப் பெயரைச் சொல்லி என்னையே ஜெபிக்க வைத்தார். கலாவிடமும் அவர் மாறவில்லை. சீரியல் பார்க்கிறாளா என்று வாராவாரம் விசாரித்து, அவள் பதிலுக்குத் திணறும் வரை விடமாட்டார்.

அவரை அடக்கம் செய்த பிறகு வந்த ஞாயிறு, நாலு வருஷமாக அவரோடு பேசாத செயலாளர் என்னிடம் வந்தார். "தாசு அண்ணே, இன்னைக்கு அந்தப் பத்து நிமிஷத்த உள்ளயே வெச்சுக்குங்க" என்றார். தலை நிமிரவில்லை.

எழுந்து நின்றேன். கையில் பேப்பர் இல்லை. அவர் சாவு எந்தப் பேப்பரிலும் வரவில்லை. "நம்ம ஞானமுத்து அண்ணன் போயிட்டாரு. இருக்கிறவங்க பேரு, ரூபி அக்கா" என்றேன். முன்வரிசையில் அவர் மனைவி ரூபி அக்கா தலையைக் குனிந்துகொண்டார். ஜெபத்துக்காகக் கண்ணை மூடினேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து கலாவின் குரல் வந்தது. "மாமா, இன்னொரு பேரு வுட்டுப்போச்சு."

"யாரும்மா?"

"தாசு மாமா" என்றாள்.

என் பெயரைச் சொல்லிச் சபை ஜெபித்தது. இப்போது டிவியில் செத்தவர்களின் எண்ணிக்கை ஓடும்போது வாசலைப் பார்க்கிறேன். அங்கே யாரும் நிற்பதில்லை. சத்தத்தைக் குறைத்துவிட்டு, இருக்கிறவர்களில் ஒருவரின் பெயரையாவது சொல்கிறார்களா என்று காத்திருக்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் காத்திருப்பு ஒன்றுதான்.