மாமாவின் சுவீடன் கொப்பி

கடல் கடக்க என் மாமாவைப் போல ஆயத்தம் செய்த ஒருவரை நான் இன்றுவரை கண்டதில்லை. கடலோ, இருபது நிமிடக் கடல். டென்மார்க்கின் ஹெல்சிங்கோரில் கப்பலேறினால் தேநீர் ஆறுமுன் சுவீடன் வந்துவிடும். மாமாவுக்கு அதற்கு ஒரு கிழமை, முழுசாய் ஏழு நாள், தேவைப்பட்டது. அகதிப் பாஸ்போர்ட் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள். இரண்டு நாட்டுச் சில்லறையும் இரண்டு பொக்கற்றில். புட்டுப் பொதி, கடிக்க வெங்காயம், பச்சைமிளகாய், பிளாஸ்க் நிறையச் சாயத்தண்ணி, பால் விடாத தேநீர். என்னிடம் ஒரு கொப்பி தந்தார்.

"பிள்ளை, நடுவிலை கோடு போடு. ஒரு பக்கம் எங்கடை நாடு, மற்றப் பக்கம் அவையின்ரை. ஒண்டும் விடாதை."

மாமியும் அவர்களின் மகன், என் சின்ன மச்சானும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிடும் விண்ணப்பம் டென்மார்க் அமைச்சில் ஒரு வருடத்துக்கு மேலாக அசையாமல் கிடந்தது. அது எனக்கும் தெரியும். ஆனாலும் அன்று சனிக்கிழமை, நான் வெளிநாடு போகிறேன்.

எழுதித் தள்ளினேன். கடை: டென்மார்க்கில் சனி மத்தியானமே பூட்டு, சுவீடனில் திறந்திருக்கு. சைக்கிள்: டென்மார்க்தான். சுவீடனில் இறங்கி, பால் என்று நினைத்து மாமா வாங்கிய பெட்டியைச் சாயத்தண்ணிக்குள் ஊற்ற, அது திரைந்துபோனது. உள்ளே இருந்தது தயிர். மாமா ஒரு கணம்தான் யோசித்தார். துறைமுக வாங்குப் பலகையில் இருந்தபடியே பேனாக்கத்தியால் வெங்காயமும் மிளகாயும் அரிந்து, மிச்சத் தயிரை மோராக்கிவிட்டார்.

எங்களைச் சந்திக்க வந்திருந்த, சுவீடனில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் இரண்டு கோப்பை குடித்தார்.

"அண்ணை, இஞ்சை வந்து அகதிக் கேசைப் போடுங்கோ. என்ரை மனிசி எட்டு மாசத்திலை வந்திட்டா."

"முதலிலையிருந்தோ?"

"ஓம். திரும்பக் காம்ப், திரும்பப் பாஷை. மோர் மட்டும் இப்பவே சரிவந்திட்டுது."

திரும்பும் கப்பலில் மாமா கொப்பியை வாங்கி இரண்டுமுறை வாசித்தார்.

"எது நல்லம், பிள்ளை?"

"டென்மார்க்."

"ஏன்?"

"நாங்கள் அங்கைதானே இருக்கிறம்."

"அதை நீ எழுதேல்லையே," என்று சிரித்தவர், பேனாவை வாங்கித் தானே எழுதினார்.

பிறகு அவர் சுவீடன் பேச்சை எடுக்கவில்லை. மாமி வந்து இறங்கியபோது நான் இரண்டு வகுப்புத் தாண்டியிருந்தேன். மச்சானுக்கு, இதுதான் அப்பா என்று காட்டவேண்டியிருந்தது.

அன்று கப்பலில் எனக்கு விளங்கியதெல்லாம், போட்டியில் என் நாடு வென்றது என்பதுதான். எதையும் ஒரு கிழமை யோசிக்கிற மனிதர், தன் பெண்சாதி பிள்ளையை எந்தக் கரையில் இறக்குவதென்று ஒன்பது வயதுக்காரி ஒருத்தியைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது விளங்கவில்லை.