கொழுந்தன் திருப்பிப் போட்ட கதவு

எங்கள் தெருவில் பம்பர் என்றால் என் கொழுந்தன்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்டது. எந்தக் கார் போனாலும் முதலில் அதன் பம்பரைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவான். உள்ளே இருப்பது மனுஷனா மாடா என்பதையெல்லாம் அப்புறம்தான் பார்ப்பான். நான் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது மூக்கு ஒழுகிக்கொண்டு அலைந்த பையன். அதனால் அவனை ‘அவர்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது.

வளர்ந்து டிரைவரானான். ஒரு பெரிய முதலாளியிடம் வேலை. அந்த மனிதர் கார் மாற்றுவது நான் தலையணை உறை மாற்றுவது மாதிரி. ஒவ்வொரு கார் வரும்போதும் இவனுக்கு அறிவு ஒரு சுற்றுப் பெருக்கும். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் அதைத்தான் எங்களுக்குப் பரிமாறுவான்.

“லைட்டு மெலிசா இருக்கணும் அண்ணி. கண்ணை இடுக்கிப் பாக்கற மாதிரி ஒரு கம்பீரம் வேணும். இப்ப வர்றதெல்லாம் பேய் முழி முழிக்குது.”

“முழிச்சா என்னப்பா? இருட்டுல வழி தெரியுதா இல்லியா?”

“உங்ககிட்டப் போய்ச் சொன்னேன் பாருங்க.”

ஒரு நாள் கதவுக் கைப்பிடி. பெரிய காரில் அது கதவுக்குள்ளேயே ஒளிந்திருக்குமாம். கிட்டே போனால் தானாக வெளியே நீளுமாம். ஒளித்து வைக்க ஒரு செலவு, வெளியே வரவழைக்க ஒரு செலவு. என் வீட்டு அலமாரிக் கைப்பிடி பிறந்ததிலிருந்து வெளியேதான் இருக்கிறது, யாரும் அதைக் குறை சொன்னதில்லை. இதைச் சொன்னால், “அண்ணிக்கு ரசனை பத்தாது” என்பான் தம்பி. அவன் அண்ணனும் சோற்றைப் பிசைந்துகொண்டே தலையாட்டுவார்.

அந்த ரசனைதான் அவன் வேலைக்கு உலை வைத்தது. முதலாளி புதிதாக ஒரு வண்டி இறக்கினார். முன்பக்கம் வெள்ளிக் கம்பிகள் பளபளக்க, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைச்சல். பின்கதவுகளோ தலைகீழ். நம் காரில் கதவின் முன்பக்கம் கீல், பின்பக்கம் திறக்கும். இதில் பின்பக்கம் கீல், முன்பக்கம் திறக்கும். வீட்டு அலமாரி மாதிரி முன்கதவும் பின்கதவும் எதிரெதிராக விரியும். முதலாளி விருந்தாளிகளை வாசலில் நிற்க வைத்துக்கொண்டு, “எப்படிடா இருக்கு?” என்று கேட்டிருக்கிறார். அப்படிக் கேட்கிறவருக்கு ஒரே பதில்தான் வேண்டும் என்று பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இவன் யோசித்துச் சொல்லியிருக்கிறான்:

“கதவு பிரமாதம் சார். கதவுக்காகவே வாங்கலாம். மூஞ்சியத்தான் பாக்க முடியல. குளிர்காலத்துல ரூம்ல வைக்கிற ஹீட்டர் மாதிரி இருக்கு.”

விருந்தாளிகள் சிரித்துவிட்டார்கள். மறுநாள் காலை சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

கையில் இருந்ததையும், அவன் பெண்டாட்டி, அதாவது என் ஓரகத்தி, தையலில் சேர்த்ததையும் போட்டு ஒரு பழைய நீளமான வெள்ளைக் கார் வாங்கினான். கல்யாணக் கார். பொண்ணு மாப்பிள்ளையை ஏற்றி, மண்டபத்தில் இறக்கி, பூவை உதிர்த்துவிட்டு வர வேண்டியது. ஒரே ஒரு மண்டபம்தான் கூப்பிட்டது என்றாலும் குடும்பம் ஓடியது. மாடியில் அவள் மெஷின் ஓடும், கீழே இவன் கார் ஓடும்.

அப்புறம் அந்த மண்டபத்து மேனேஜர் ஒரு நாள் சொன்னார், இனி ஒரே ஒரு வண்டியைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்ளப் போகிறேன் என்று. இவன் வண்டியும், புதிதாக வந்த ஒரு சாம்பல் நிற வண்டியும் போட்டி. அடுத்த பெரிய கல்யாணத்துக்கு இவனை வரச் சொல்லியிருந்தார். அதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வாராம். அந்த மண்டபம் கைவிட்டால் இந்தக் காரை வைத்துக்கொண்டு வாசலில் துணிதான் காயப்போட வேண்டும். ஓரகத்திக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

இவன் என்ன செய்திருக்க வேண்டும்? சீட்டைத் துவைத்துப் போட்டு, டயரைத் துடைத்து, வாயை மூடிக்கொண்டு போயிருக்க வேண்டும். இவனோ நேராக டிங்கர் பட்டறைக்குப் போனான், பின்கதவைத் திருப்பி மாட்டச் சொல்லி.

டிங்கர்காரர் காதைக் குடைந்துகொண்டே கேட்டாராம்: “ஏண்ணே, நல்லாத்தானே தொறக்குது?”

இதே கேள்வியைத்தான் நானும் கேட்டேன். தட்டில் ஸ்பூனை வைத்து எனக்குப் பாடம் எடுத்தான்.

“சாதாக் கதவுல பொண்ணு எப்படி எறங்கும் சொல்லுங்க? மொதல்ல ஒரு காலு, அப்புறம் முதுகு, கடைசியா தலை. சன்னல் வழியா திருடன் எறங்கற மாதிரி. நம்ம கதவுல அப்படி இல்ல. உக்காந்த எடத்துலேர்ந்து நேரா எந்திரிச்சு, முன்னால பாத்து நடந்து வரலாம். மகாராணி அண்ணி!”

“மகாராணி ஒரு நாள்தான். மறுநாள்லேர்ந்து பஸ்ஸுல நின்னுக்கிட்டுத்தான போகப்போவுது?”

“அதுக்குத்தான் அந்த ஒரு நாள் நல்லா எறங்கட்டும்ங்கறேன்.”

“மொதல்ல சோத்தத் தின்னு” என்று ஸ்பூனை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

வெட்டி, ஒட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து வண்டி வந்தது. ஒரு விஷயத்தில் மட்டும் டிங்கர்காரர் கண்டிப்பாக இருந்திருக்கிறார். ஓடும்போது அந்தக் கதவு திறந்துகொண்டால் காற்றே பிய்த்துக்கொண்டு போய்விடும். அதனால் முன்கதவின் ஓரத்தில் ஒரு தகடு வைத்து, அது பின்கதவை அழுத்திப் பிடிக்கும்படி செய்துவிட்டார். முன்கதவைத் திறந்தால்தான் பின்கதவு திறக்கும். பின்கதவைச் சாத்தினால்தான் முன்கதவைச் சாத்த முடியும்.

ஓரகத்தி இடுப்பில் கை வைத்து ஒரு சுற்று வந்தாள்.

“அப்ப ரெண்டு கதவும் ஒரே நேரத்துல தொறந்து நிக்குமா?”

“ரெக்கை விரிச்ச மாதிரி!”

“ரெக்கைக்கு நடுவுல நிக்கற பொண்ணு எந்தப் பக்கமா போவா?”

“நேரா போவா.”

“நேரா செவுரு இருந்தா?”

“நல்ல காரியத்துக்குப் போறப்ப எதுக்கு செவுத்தப் பத்திப் பேசற?” என்று கோபித்துக்கொண்டு துடைக்கப் போய்விட்டான்.

கல்யாண நாளில் நாங்கள் இரண்டு பேரும் மண்டபத்தில்தான் இருந்தோம். பொண்ணுக்கு உடுப்புத் தைத்தது ஓரகத்தி. கடைசி நேரத்தில் ஊக்கு, கொக்கி என்று ஏதாவது பிய்ந்தால் தைத்துக் கொடுக்க அவளும், அவள் ஊசிப் பெட்டியைத் தூக்க நானும். உடுப்பு என்றால் சாமானியமானது இல்லை. இடுப்புக்குக் கீழே கோழிக் கூடையைக் கவிழ்த்த மாதிரி உள்ளே வளையம் வைத்துப் பரப்பியது. ராப்பகலாகத் தைத்திருந்தாள்.

மண்டப வாசலில் ஒரு பக்கம் இடுப்பு உயரச் சுவர் உண்டு. அதை ஒட்டிச் சிவப்புக் கம்பளம். படிகள், வண்டி நிற்கும் இடத்துக்குப் பின்னால். இவன் எப்போதும் சுவரை உரசுகிற மாதிரிக் கொண்டுபோய் நிறுத்துவான். பழைய கதவில் அது சரி. கதவு முன்பக்கம் ஒதுங்கிக்கொள்ளும், பொண்ணு இறங்கிப் பின்பக்கம் நடந்து படியேறிவிடும். கதவைத் திருப்பியவன் நிறுத்தும் பழக்கத்தைத் திருப்பவில்லை.

மேளதாளமாகத்தான் வந்து நின்றான். வெள்ளைக் கையுறை வேறு. முன்கதவைத் திறந்தான். பின்கதவைத் திறந்தான். போட்டோக்காரர்கள், “ஆகா!” என்றார்கள். மேனேஜர்கூடப் புருவத்தைத் தூக்கினார். பொண்ணு நேராக எழுந்து, தலை நிமிர்ந்து, கூடையோடு வெளியே வந்து நின்றது. மகாராணிதான், சந்தேகமே இல்லை.

அடுத்த அடி எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு, எதிரே சுவர், முதுகில் கார். கதவின் நுனிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பூனை போகலாம். படியோ பின்கதவுக்கு அந்தப் பக்கம். முன்கதவைச் சாத்தப் பார்த்தால் வளையம் மாட்டுகிறது. பின்கதவைச் சாத்தினால் பொண்ணே மாட்டும்.

“ஒரு நிமிஷம் மேடம்” என்றான் இவன்.

“எங்கயும் போகல” என்றது பொண்ணு. நல்ல பொண்ணு, சிரித்துவிட்டது. அதன் அப்பா சிரிக்கவில்லை.

“என்னய்யா இது, ஆட்டை அடைக்கற மாதிரி அடைச்சிருக்க?”

“இல்ல சார், இது பெரிய வண்டிங்கள்ல வர்ற ஸ்டைலு...”

“ஸ்டைலா? என் பொண்ண வெளிய எடுய்யா மொதல்ல!”

அந்த நேரத்திலும் இவன் ஸ்டைலுக்கு விளக்கம் சொன்னான் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓரகத்தி ஊசிப் பெட்டியை என் கையில் திணித்துவிட்டு, கதவுக்குக் கீழே குனிந்து நுழைந்தாள். தான் தைத்த வளையத்தைத் தானே மடக்கி, பொண்ணைத் திரும்பக் காருக்குள் தள்ளினாள். உள்ளே நகர்ந்து நகர்ந்து, அந்தப் பக்கக் கதவு வழியாகப் பொண்ணு தவழ்ந்து வெளியே வந்தது. தலையில் பூ ஒரு பக்கம், முக்காடு ஒரு பக்கம். சுற்றி நின்ற அத்தனை பேரும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

மேனேஜர் கிட்டே வந்து மெதுவாகத்தான் சொன்னார். “நாளைலேர்ந்து சாம்பல் வண்டியே வரட்டும்ப்பா.”

அதற்கப்புறம் மாடியில் மெஷின் சத்தம் மட்டும்தான். இவன் காரை வாசலில் நிறுத்திவிட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டான். வேறு மண்டபம் எதுவும் கூப்பிடவில்லை. அந்த வீடியோவைப் பார்க்காத மண்டபம் இருந்தால்தானே.

எனக்கு முழங்கால் வலி பழைய சொத்து. எலும்பு டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. அவனை எழுப்பி, “சும்மா படுத்திருக்கறதுக்கு என்னைக் கொண்டுபோய் விடு” என்றேன். வந்தான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

எனக்குக் காரில் ஏறுவது எப்போதும் ஒரு போராட்டம். காலை முதலில் விடுவதா, உடம்பை முதலில் விடுவதா என்று ஒரு கூட்டம் போட்டு முடிவு செய்ய வேண்டும். அன்றைக்கு அந்தத் தலைகீழ்க் கதவில் திரும்பி நின்றேன், உட்கார்ந்தேன், காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். அவ்வளவுதான். இறங்கும்போது இரண்டு கதவுக்கும் நடுவே நிற்கிற தூணைப் பிடித்து நேராக எழுந்துவிட்டேன். இந்தப் பயல் செய்த காரியத்தில் எனக்கு ஒரு நன்மை இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை, ஒத்துக்கொள்ளவும் மனசில்லை. ஆனால் முழங்கால் பொய் சொல்லாது.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு டீச்சரம்மா பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்பில் ஆபரேஷன் ஆனவர், கையில் வாக்கர். “தம்பி, இது எந்த வண்டி? எனக்கு வாரத்துக்கு மூணு நாள் இங்க வரணும், எந்த ஆட்டோவும் ஒத்துக்க மாட்டேங்குது” என்று நம்பர் கேட்டார்.

இவன் கொடுக்கவில்லை. நான்தான் கொடுத்தேன். வழியெல்லாம் புலம்பினான்.

“அண்ணி, இது பொண்ணு மாப்பிள்ளை வர்ற வண்டி. வாக்கர் ஏத்தற வண்டியில்ல.”

“பொண்ணு மாப்பிள்ளை வரிசைல நிக்கறாங்களா?”

மாடியில் ஓரகத்தி இன்னும் சுருக்கமாகச் சொன்னாள். “கதவப் பழையபடி மாத்து, இல்ல டீச்சர ஏத்து. என் மெஷின் ஒத்தையா இழுக்காது.”

ஏற்றினான். டீச்சரம்மா இரண்டே சவாரியில் அடுத்த குண்டைப் போட்டார். “கதவு நல்லா இருக்கு தம்பி. இந்தத் தூண்ல ஒரு கம்பி வச்சுக் குடு. பாத்ரூம் செவுத்துல இருக்குமே, பிடிச்சு எழுந்துக்க, அந்த மாதிரி.”

ஹார்ட்வேர் கடைக் கம்பி! அதுவும் அவன் காரில்! “வண்டியோட லைனே கெட்டுடும் மேடம்” என்றிருக்கிறான். “என் இடுப்பு லைன் ஏற்கெனவே கெட்டுப்போச்சு” என்றாராம் அவர். அடுத்த முறை போன் வரவில்லை. அதற்கடுத்த முறையும் வரவில்லை. வாசலில் நின்று போனையே பார்த்துக்கொண்டிருந்தான். மேலே மெஷின் வேறு நின்று போயிருந்தது. பெல்ட் அறுந்து, புதுசு வாங்க வழியில்லாமல் ஓரகத்தி வெறும் கையால் விளிம்பு அடித்துக்கொண்டிருந்தாள். அதை ஒரு தடவை ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினான். காரை எடுத்துக்கொண்டு போனான்.

திரும்பி வந்தபோது இரண்டு தூணிலும் பளபளவென்று எஃகுக் கம்பி, நான்கு நான்கு திருகாணி. கண்றாவியாக இருந்தது. டீச்சரம்மாவுக்கு அவனே போன் போட்டான். இப்போது அவரும், அவர் சொல்லி வந்த இன்னும் ஐந்தாறு பேருமாகக் கால், இடுப்பு, முதுகு என்று வாரம் முழுக்க ஓடுகிறது.

நேற்று தெருவில் ஒரு பெரிய கார், இவன் பழைய முதலாளி வைத்திருந்தாரே அதே ஜாதி, மெதுவாக வந்து நின்று, கதவுகளை விரித்து ஆளை இறக்கிவிட்டுப் போனது. எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். இவன் உதட்டைப் பிதுக்கினான்.

“கதவு சரிதான் அண்ணி. தூண்ல கம்பியே இல்ல பாத்தீங்களா? இதெல்லாம் ஒரு வண்டியா?”